மனைகள் மிகுதி, வீடுகள் குறைவு: பதுக்குபவர் யார்?

சேலம், நாமக்கல் மாவட்டங்களிலிருந்து நம்மிடம் மஸ்அலா கேட்டு வருகிற அன்பர்களில் பலர், சில காலமாக ஒரே விஷயத்தைச் சுற்றிச் சுற்றிக் கேட்கிறார்கள். "ஹஜ்ரத்! எந்தச் சாலையில் போனாலும் மனை விற்பனைப் பலகைதான் தெரிகிறது. ஆனால் நம் வருமானத்திற்கு ஒரு வீடு கிடைக்கவில்லை, வாடகையும் கட்டுப்படியாகவில்லை. வீடு கட்டி விற்கிறவர்கள் வேண்டுமென்றே குறைத்துக் கட்டி விலையை ஏற்றுகிறார்களாமே! இது மார்க்கம் தடுத்துள்ள 'இஹ்திகார்' எனும் பதுக்கல் ஆகாதா?" என்பது அவர்களுடைய கேள்வி.

கேள்வி நியாயமானதே. ஆனால் ஒரு வியாபாரம் எப்படி நடக்கிறது என்று அறியாமல் அதற்கு ஹலால், ஹராம் என்று பெயர் சூட்டுவது ஃபிக்ஹுடைய வழியன்று. நம் இமாம்கள் கடைத்தெருவை அறிந்தவர்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபாவில் துணி வியாபாரம் செய்தவர்கள் என்பது யாவரும் அறிந்ததே. ஆகவே முதலில் கணக்கைப் பார்ப்போம். பிறகு சட்டத்திற்கு வருவோம்.

ஏன் மனை விற்கிறார்கள், வீடு விற்பதில்லை?

சேலத்திலிருந்து ஓமலூருக்கோ, இராசிபுரம் வழியாக நாமக்கல்லுக்கோ, சங்ககிரி வழியாகத் திருச்செங்கோட்டுக்கோ பஸ்ஸில் போகிறவர்கள் கவனித்திருப்பார்கள். மரவள்ளியும் நிலக்கடலையும் சோளமும் விளைந்த காடுகளில் வர்ணம் பூசிய எல்லைக் கற்கள் நிற்கின்றன. முகப்பில் ஒரு வளைவு, உள்ளே தார்ச் சாலை, இருபுறமும் முள்செடி. பத்து ஆண்டு கழித்துப் போனாலும் நூறு மனையில் பத்து வீடு எழும்பியிருந்தால் அதிகம்.

லே-அவுட் போடுகிற புரோமோட்டரின் இடத்தில் நம்மை வைத்துப் பார்த்தால் இதன் காரணம் புரியும். அவர் நிலத்துக்காரரிடம் அட்வான்ஸ் கொடுத்து, ஒப்பந்தமோ பவர் பத்திரமோ எழுதிக் கொள்கிறார். நகர ஊரமைப்புத் துறையின் அனுமதி வாங்கி, சாலைக்கும் பொது இடத்திற்கும் ஒதுக்கியது போக மிஞ்சியதை மனைகளாகப் பிரிக்கிறார். ஒரு ஏக்கர் என்பது 100 சென்ட், அதாவது 43,560 சதுர அடி. அதில் ஏறக்குறைய பாதிக்குச் சற்று மேல்தான் விற்பனைக்குத் தேறும். விற்ற அன்றே பணம் கைக்கு வருகிறது. கடைக்கால் தோண்ட வேண்டாம். கம்பி, சிமெண்டு, எம்-சாண்ட் விலை ஏறுமோ என்று கவலைப்பட வேண்டாம். கொத்தனாரும் சித்தாளும் வருவார்களா என்று விடியற்காலையில் காத்து நிற்க வேண்டாம். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டை விற்றால் 2019 ஏப்ரல் முதல் 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு, 45 லட்சத்திற்கு உட்பட்ட சிறு வீடென்றால் 1 விழுக்காடு. வெறும் மனைக்கு அந்த வரியே இல்லை.

வீடு கட்டி விற்பவருக்கோ ஓராண்டு, ஒன்றரை ஆண்டு முதல் முடங்குகிறது. அதற்குள் சந்தை படுத்துவிட்டால் கட்டிய வீடு அவர் தலையில். எனவே துணிச்சலும் முதலும் உள்ள சிலர் மட்டுமே கட்டி விற்கிறார்கள். ஏனையோர் மனையைப் பிரித்து விற்றுவிட்டு அடுத்த காட்டைத் தேடிப் போகிறார்கள். சென்னையைப் போலன்றி, நம் சமவெளி ஊர்களில் பெரும்பாலான வீடுகளைக் கட்டுவது கம்பெனிகள் அல்ல; மனை வாங்கிய குடும்பமே மேஸ்திரியை வைத்து, நகையை விற்று, சிறுகச் சிறுகக் கட்டுகிறது. அதாவது இங்கே வீட்டு உற்பத்தியாளர் யார் என்று கேட்டால், பெரும்பாலும் நாமேதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறோம்.

நிலம் விலை ஏறியதால் வீடு விலை ஏறியதா?

"நிலம் தங்க விலை விற்கிறது, அதனால்தான் வீடு விலை ஏறிவிட்டது" என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மை பெரும்பாலும் தலைகீழானது. உதாரணத்திற்கு ஒரு கணக்கைப் போடுவோம். இவை நாம் விளக்கத்திற்காக எடுத்துக்கொண்ட எண்களே. ஓரிடத்தில் ஒரு சிறு வீடு 40 லட்சத்துக்குப் போகும். கட்டுமானத்திற்கு 24 லட்சம். அனுமதி, வரி, தரகு, விளம்பரம் எல்லாம் 4 லட்சம். முதல் முடங்கியதற்கும் லாபத்திற்கும் 6 லட்சம். மீதி 6 லட்சம். நிலத்துக்காரருக்கு அவர் தரக்கூடியது அவ்வளவே. மறு ஆண்டு அதே வீட்டிற்கு மக்கள் 44 லட்சம் தரத் தயாரானால், அந்த 4 லட்சம் யாருக்குப் போகும்? நிலத்துக்காரர் செய்தி அறிந்து 10 லட்சம் கேட்பார். வேறொரு புரோமோட்டர் அதைக் கொடுக்கவும் முன்வருவார். ஆக, வீட்டின் விலைதான் நிலத்தின் விலையை இழுத்துக்கொண்டு போகிறது. தானிய விலைக்கும் நிலக் குத்தகைக்கும் இதே உறவு இருப்பதாக டேவிட் ரிக்கார்டோ எனும் ஆங்கிலப் பொருளாதார அறிஞர் 1817லேயே விளக்கியிருக்கிறார்.

இதில் ஒரு வினோதம் உண்டு. விலை ஏறுகிறது என்றதும் கட்டுகிறவர் வேகமாகக் கட்டுவார் என்றுதானே நினைப்போம்? நிலம் வைத்திருப்பவரோ, "இவ்வாண்டு 10 லட்சம் என்றால் அடுத்த ஆண்டு 14 லட்சம் ஆகுமே" என்று விற்காமல் இருந்துவிடுகிறார். விலையேற்றமே நிலத்தைச் சந்தைக்கு வராமல் தடுத்துவிடுகிறது.

கட்டுகிறவர் ஏன் நிதானமாகக் கட்டுகிறார்?

ஓரிடத்தில் ஆண்டுக்கு எட்டுக் குடும்பங்கள்தான் 40 லட்சம் கொடுத்து வாங்கும் நிலையில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அங்கே நாற்பது வீட்டையும் ஒரே ஆண்டில் கட்டினால், மற்ற முப்பத்திரண்டையும் தள்ள விலையைக் குறைக்க வேண்டும். முன்பு வாங்கியவர்கள் சண்டைக்கு வருவார்கள். கடன் கொடுத்த வங்கி முகம் சுளிக்கும். ஆகவே ஆண்டுக்கு எட்டு வீடுகளாகக் கட்டுகிறார். அவர் பார்வையில் இது விவேகம். வீடு தேடி அலைபவர் பார்வையில் இது பதுக்கல்.

இந்த வழக்கு நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் அனுமதி வாங்கிய பெரிய நிலங்களில் ஏன் இவ்வளவு மெதுவாக வீடு கட்டுகிறார்கள் என்று ஆராய அந்நாட்டு அரசு ஆலிவர் லெட்வின் என்பவரை நியமித்தது. 2018ல் அவர் அளித்த அறிக்கையின் சாரம் இதுதான்: கம்பெனிகள் நிலத்தைச் சூதாட்டத்திற்காகப் பூட்டி வைத்திருப்பதாகத் தெரியவில்லை, அவ்வட்டாரத்தில் நடப்பு விலை குறையாமல் எத்தனை வீடு விற்குமோ அத்தனையே கட்டுகிறார்கள். எல்லா வீட்டையும் ஒரே அச்சில் கட்டாமல், சிறிது, பெரிது, வாடகைக்கு, சகாய விலைக்கு என்று பலவிதமாகக் கட்டச் செய்தால் வேகம் கூடும் என்பது அவர் சொன்ன பரிகாரம். எட்டுக் குடும்பம் 40 லட்சம் தரலாம். இன்னும் இருபது குடும்பம் 20 லட்சம் தரலாம். அந்த இருபது பேருக்கென்று யாரும் கட்டுவதில்லை.

ஏன் கட்டுவதில்லை என்றால், ஏழைக்கு ஒரு விலை, பணக்காரருக்கு ஒரு விலை என்று சிமெண்டு விற்பதில்லை. 2012ல் மத்திய அரசின் நிபுணர் குழு நம் நாட்டு நகரங்களில் ஒரு கோடியே 87 லட்சத்துக்கு மேல் வீடுகள் பற்றாக்குறை என்று கணக்கிட்டது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் ஏழைகளுக்கும் குறைந்த வருமானத்தினருக்கும் உரியவை. அதற்கு முந்தைய ஆண்டு, 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பிலோ, அதே நகரங்களில் ஒரு கோடியே 10 லட்சம் வீடுகள் யாரும் குடியில்லாமல் பூட்டிக் கிடந்தன! வாசகர்கள் இவ்விரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுகிறோம். வீடில்லாதவர்கள் ஒருபுறம், ஆளில்லாத வீடுகள் ஒருபுறம்.

சட்டம் போட்டுத் தடுத்தார்களே!

தடுத்தார்கள். 1978ல் வந்த தமிழ்நாடு நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் சேலத்துக்கும் பொருந்தியது. ஓர் அளவுக்கு மேல் காலி நிலம் வைத்திருந்தால் அரசு எடுத்துக்கொள்ளும் என்றது. நடந்ததென்ன? வழக்குகள் பெருகின, நிலம் கட்டப்படவுமில்லை, விற்கப்படவுமில்லை. 1999ல் அச்சட்டமே நீக்கப்பட்டது.

2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக் கூடாதென்று உத்தரவிட்டது. விளைநிலங்கள் கண்மூடித்தனமாக மனையாவதைத் தடுப்பதே அதன் கருத்து. பஞ்சாயத்து அப்ரூவல் என்று நம்பி வாங்கியிருந்த எத்தனையோ குடும்பங்கள் விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் திகைத்தன. 2017ல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டு வந்து, 2016 அக்டோபர் 20க்கு முந்தைய மனைகளுக்கு வழி திறந்தது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லே-அவுட்டோ, எட்டுக்கு மேற்பட்ட அடுக்கு வீடுகளோ பதிவு செய்யாமல் விளம்பரப்படுத்தவே கூடாது. வாங்குவோரிடம் பெறும் பணத்தில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் போட்டு அந்த வேலைக்கே செலவிட வேண்டும். இது நல்ல சட்டம் என்பது நம் அபிப்பிராயம். 2024 ஜூலையில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுவோர் தாமே சான்றளித்து உடனே அனுமதி பெறலாம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்ததும் நம்மைப் போன்ற சிறு குடும்பங்களுக்கு உதவி.

இதையொட்டி ஒன்று. நம் ஊர்களில் மொட்டை மாடியில் தூண் கம்பிகள் நீட்டிக்கொண்டு துருப்பிடித்து நிற்பதைப் பார்க்காதவர் இல்லை. "மேலே ஒரு வீடு எடுக்கலாம்" என்று விட்டு வைத்தவை அவை. நிலம் வாங்காமல் கட்டக்கூடிய வீடு ஊரிலேயே அதுதான் மலிவு! "குடி வைத்தால் காலி செய்ய மாட்டார்கள்" என்ற பயத்தில் கட்டாமல் விட்டவர்கள் பலர். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2019 பிப்ரவரி முதல் எழுத்து மூலமான ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டதைப் பலர் இன்னும் அறியவில்லை.

இனி மஸ்அலாவுக்கு வருவோம்

மதீனாவில் ஒரு சமயம் விலைவாசி ஏறிற்று. விலையை நிர்ணயித்துத் தருமாறு தோழர்கள் வேண்டிய போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். எவருக்கேனும் அநீதி செய்துவிடலாகாது என்பதே அவர்கள் காட்டிய காரணம். ஆனால் அதே நபி (ஸல்) அவர்கள் பதுக்குவோரைப் பாவிகள் எனக் கண்டித்தும் உள்ளார்கள். இயற்கையாக ஏறும் விலை வேறு, சரக்கை மறைத்து ஏற்றும் விலை வேறு என்பதை இவ்விரண்டிலிருந்தும் அறிஞர்கள் எடுத்துக் காட்டினார்கள். விற்போர் கூடிப் பேசிக்கொண்டு மக்களை நெருக்கினால் அரசு தலையிடலாம் என்று இப்னு தைமிய்யா (ரஹ்) எழுதியிருப்பதும் இந்த அடிப்படையில்தான்.

பதுக்கல் எந்தப் பொருளில் ஏற்படும்? ஷாஃபிஈ மத்ஹபில் அது உணவுப் பொருளைப் பற்றியது. இமாம் அபூஹனீஃபா, இமாம் முஹம்மத் (ரஹ்) இருவரும் மனிதர் உணவு, கால்நடைத் தீவனம் என்றார்கள். இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களோ, எதைத் தடுத்து வைப்பதால் பொதுமக்களுக்கு இடர் உண்டாகுமோ அதுவெல்லாம் பதுக்கலே என்றார்கள். தலைக்கு மேல் கூரையின்றித் தவிப்பதும் இடர்தானே! எனவே இக்காலத்து வீட்டு விஷயத்தில் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களின் சொல் பொருத்தமாக நமக்குப் படுகிறது. ஆயினும் ஒரு நிபந்தனை உண்டு. சந்தையில் வாங்கித் தடுத்து வைப்பதே பதுக்கல். தன் காட்டில் விளைந்ததை வைத்திருப்பவர் பதுக்கல்காரர் அல்லர். பாட்டன் சொத்தை விற்காமல் உழுது கொண்டிருக்கும் விவசாயியை இச்சட்டம் தொடாது.

ஆண்டுக்கு எட்டாகக் கட்டும் பில்டர்? பிறர் கட்டுவதை அவர் தடுக்கவில்லையானால், தன் முதலுக்கேற்பக் கட்டுவது அவர் உரிமை. அவரைப் பதுக்கல்காரர் என்று நாம் சொல்ல மாட்டோம். ஊரிலுள்ள புரோமோட்டர்கள் ஒன்றுகூடி, இன்ன விலைக்குக் கீழ் விற்பதில்லை என்று பேசிக்கொண்டால் அப்போது விஷயம் மாறுகிறது.

ஒரு செங்கல்லும் வைக்காமல் விலையை மட்டும் ஏற்றுகிற இன்னொரு வியாபாரமும் உண்டு. 11 மாத அக்ரிமெண்டு ஒன்றைப் போட்டு, சிறு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, கிரயம் முடியாமலே அந்த அக்ரிமெண்டை மூன்றாமவருக்கு லாபத்தில் விற்பது. அசையாச் சொத்தைக் கைவசப்படுத்தும் முன் விற்கலாம் என்று இமாம் அபூஹனீஃபாவும் அபூயூசுஃபும் (ரஹ்) கூறியிருக்கிறார்களே என்று சிலர் இதற்கு ஆதாரம் காட்டுகிறார்கள். அது கிரயம் முடிந்து சொந்தமாகிவிட்ட நிலத்தைப் பற்றியது. இமாம் முஹம்மதும் ஷாஃபிஈயும் (ரஹ்) அதையும் ஒப்பவில்லை. இங்கோ நிலம் இன்னும் பழைய உடைமையாளருடையது. சொந்தமில்லாததை விற்பது எந்த மத்ஹபிலும் கூடாது.

கட்டப்படாத வீட்டுக்குப் பணம் கட்டலாமா என்றால், ஹனஃபி மத்ஹபின் 'இஸ்திஸ்னா' முறையில் கூடும். ஜித்தாவிலுள்ள சர்வதேச ஃபிக்ஹ் சபை 1990லும் 1992லும் இதை ஏற்று முடிவு செய்திருக்கிறது. அளவு, பொருள்களின் தரம், ஒப்படைக்கும் தேதி மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். தாமதமானால் கட்டுபவர் ஈடு தர வேண்டும் என்ற நிபந்தனையையும் அச்சபை 2000ல் அனுமதித்தது. ஆனால் வாங்குபவர் தவணை தாமதித்தால் அதற்குக் கூடுதல் தொகை வாங்குவது வட்டியாகும். அச்சடித்த ஒப்பந்தங்களில் இரண்டும் ஒரே பாராவில் கலந்திருக்கும். கையெழுத்திடுமுன் அவ்வூர் ஆலிமிடம் ஒருமுறை காட்டிக் கேட்டுக்கொள்க.

நம் வீட்டு மனையின் கணக்கு

இனி முன்பு நினைவில் வைக்கச் சொன்ன இடத்துக்கு வருகிறோம். அந்த நூறு மனைகளை வாங்கி, கல் நட்டு, கம்பி வேலி போட்டுச் சும்மா வைத்திருப்பது யார்? புரோமோட்டர் எப்போதோ விற்றுவிட்டுப் போய்விட்டார். வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பிய பணத்தில் வாங்கியது, மகள் கல்யாணத்திற்கு ஆகும் என்று வாங்கியது, நண்பர் சொன்னார் என்று வாங்கியது என்று அவை நம் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் காலிமனை வரி உண்டு; விலையேற்றத்தின் முன் அது ஒரு பொருட்டல்ல. ஆண்டுதோறும் உண்மையான செலவு வைப்பது ஜகாத் ஒன்றுதான். அதில்தான் நம் மக்கள் மிகவும் அலட்சியமாயிருக்கிறார்கள்.

விற்று லாபம் பார்க்க வேண்டும் என்ற நிய்யத்துடன் விலைக்கு வாங்கிய மனை, வியாபாரச் சரக்கு. ஆண்டு நிறைவடையும் நாளில் அதன் சந்தை விலையில் நாற்பதில் ஒரு பங்கு ஜகாத். வாங்கிய விலையும் அன்று, அரசின் வழிகாட்டி மதிப்பும் அன்று. 6 லட்சத்திற்கு வாங்கிய மனை இன்று 15 லட்சம் பெறுமானால் இவ்வாண்டு ஜகாத் 37,500 ரூபாய். கையில் ரொக்கமில்லை என்பது கடமையை நீக்காது. குடியிருக்க வீடு கட்ட வாங்கிய மனைக்கு ஜகாத் இல்லை. கட்டலாம், விற்றாலும் விற்கலாம் என்று உறுதியில்லாமல் வாங்கியதற்கும் இல்லை என்றே ஃபிக்ஹ் கூறுகிறது. ஆனால் குடியிருக்க ஒரு வீடும், மகனுக்கு ஒரு மனையும் இருக்க, நான்காவது மனைக்கும் "வீடு கட்டத்தான்" என்று சொல்பவர் நமக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. நிய்யத்தை அறிந்தவன் அறிவான்.

வாரிசாக வந்த நிலத்துக்கு, விற்கலாம் என்று நினைத்த மாத்திரத்தில் ஜகாத் வராது. விற்று வந்த பணம் கையில் ஓராண்டு தங்கினால்தான் வரும். ஆனால் வாரிசு நிலத்தில் வேறொரு கடமை காத்திருக்கிறது. ஊருக்குள் நல்ல இடத்தில் பாழடைந்த வீடோ, காலியிடமோ கிடந்தால் விசாரித்துப் பாருங்கள். பாட்டனார் பெயரிலேயே பட்டா இருக்கும். அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மூலையை அனுபவிப்பார்கள். சகோதரிகளின் பங்கு பேசப்பட்டே இராது. வில்லங்கம் தெளியாத அந்த இடத்தை எந்த பில்டரும் தொடமாட்டார். எந்த வங்கியும் கடன் தராது. அதனால்தான் ஊருக்குள் இடமிருந்தும் மரவள்ளிக் காடு மனையாகிறது.

"நஞ்சை புஞ்சை நிலத்துக்கு ஷரீஅத் பங்கு பொருந்தாது" என்று ஓர் எண்ணம் சில ஊர்களில் இன்னும் உலவுகிறது. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கியிருந்தது மெய்யே. 1949ல் சென்னை மாகாணம் அதைத் திருத்தி விவசாய நிலத்தையும் உட்படுத்திவிட்டது. சேலம் அப்போதும் அம்மாகாணத்தில் இருந்தது. நாமக்கல் 1997 வரை சேலம் மாவட்டத்திலேயே இருந்தது. ஆகவே இவ்விரு மாவட்டங்களிலும் பெண் மக்களின் பங்கு மார்க்கப்படி மட்டுமன்றி நாட்டுச் சட்டப்படியும் நிலத்தில் உண்டு. குடும்பத்தாருக்குள் எழுதிக்கொள்ளும் பாகப்பிரிவினைப் பத்திரத்திற்கு, கிரயப் பத்திரத்தைப் போல் மதிப்பில் இத்தனை விழுக்காடென்று முழுக் கட்டணம் இல்லை, உச்சவரம்பு உண்டு. வாரிசுச் சான்று, தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு, சகோதரிகளையும் உடன் அழைத்துப் போய் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளலாம். சகோதரி தன் பங்கை விட்டுத் தருவதாகச் சொன்னால், முதலில் அவர் பங்கு இன்னதென்று அவருக்குத் தெரிவித்து, அவர் கைக்கு அது வந்த பிறகு, அவர் மனமுவந்து தருவதையே பெறலாம்.